கொரோனா புரதங்களைக் கணினியில் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு விலங்கின் கொரோனா வைரஸ் தந்த எதிர்ப்பாற்றல், இன்னோர் இனத்தின் கொரோனாவையும் தடுக்குமா? இந்தக் கேள்வியோடு புதிதாக வருகிறவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் இடறிய அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். கோப்பு மாறிப்போவது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே தெரிந்துவிடும்.

ஒற்றுமைச் சதவீதத்தைப் பாதுகாப்பு என்று படிப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். அண்மையில் ஒரு மாணவி அழகான அட்டவணையோடு வந்தார். 2003-ல் பரவிய சார்ஸ் வைரஸின் ஸ்பைக் புரதமும் (வைரஸின் மேற்பரப்பில் முள்போல நீண்டிருப்பது) கோவிட் நோயைத் தரும் சார்ஸ்-கோவ்-2-வின் ஸ்பைக்கும் சுமார் 76 சதவீதம் ஒத்துப்போகின்றன, ஆகவே ஒன்றின் எதிர்ப்பாற்றல் மற்றதையும் காக்கும் என்பது அவர் முடிவு. "ஒத்துப்போவது எந்தப் பகுதியில்?" என்று கேட்டேன். அதை அவர் பார்க்கவே இல்லை.

சார்ஸ்-கோவ்-2-வின் 1,273 அமினோ அமிலங்கள் கொண்ட ஸ்பைக்கில் மாற்றங்கள் சீராகப் பரவியிருக்காது. வைரஸின் படலத்தையும் செல்லின் படலத்தையும் இணைக்கும் எஸ்2 பகுதி அதிகம் மாறவில்லை. வைரஸ் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற செல் புரதத்தை நேரடியாகத் தொடும் இடத்திலோ ஒற்றுமை ஏறத்தாழப் பாதிதான். வலுவான ஆன்டிபாடிகள் பலவும் குறிவைப்பது அந்த இடத்தைத்தான். மொத்தச் சராசரி இதை அப்படியே மறைத்துவிடும்.

சரி, ஆன்டிபாடி ஒட்டும் இடம் மட்டும் ஒத்திருந்தால் போதுமா? அதுவும் போதாது. பழைய சார்ஸிலிருந்து மீண்ட ஒருவரிடமிருந்து பெறப்பட்ட சிஆர்3022 ஆன்டிபாடியைப் பாருங்கள். அது ஒட்டும் 28 அமினோ அமிலங்களில் 24 இரண்டு வைரஸ்களிலும் ஒன்றே. புதிய வைரஸின் ஸ்பைக்கிலும் அது ஒட்டியது. ஆனாலும் 2020-ல் வந்த ஆய்வில் அந்த வைரஸை அது முடக்கவில்லை. 384-ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்ததே ஒட்டும் வலுவை வெகுவாகக் குறைத்தது எனப் பிறகு தெரிந்தது. அந்த இடம் ஸ்பைக்கின் மடிப்புக்குள் பெரும்பாலும் ஒளிந்தும் கிடக்கிறது.

ஆகவே சீக்வென்ஸை (அமினோ அமில வரிசையை) மட்டும் பார்க்காமல், ஸ்பைக்கின் மூன்று சங்கிலிகளும் சேர்ந்த முழு வடிவத்தில் அந்த இடம் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு சங்கிலியிலும் சர்க்கரைத் தொடர்கள் ஒட்டும் இடங்கள் 22 உண்டு; அவை எதை மூடுகின்றன என்றும் பாருங்கள். அப்புறம், "ஒட்டுகிறது" என்பதையும் "முடக்குகிறது" என்பதையும் அறிக்கையில் தனித்தனியாக எழுதுங்கள்.

தொற்றிய செல்கள் வெளியே காட்டும் வைரஸ் புரதத் துண்டுகளை அடையாளம் காணும் எதிர்ப்புச் செல்களான டி செல்களுக்கு இந்தக் கணக்கு வேறு. 2003-ல் சார்ஸ் வந்து மீண்டவர்களின் டி செல்கள், 17 ஆண்டுகள் கழித்தும் புதிய வைரஸின் நியூக்ளியோகேப்சிட் புரதத்தை அடையாளம் கண்டதைச் சிங்கப்பூர் ஆய்வு 2020-ல் காட்டியது. வைரஸின் உள்ளே இருக்கும் புரதம் அது. ஸ்பைக்கை மட்டும் ஒப்பிடுகிறவர் இதைத் தவறவிடுவார்.

மனிதத் தரவில் மட்டும் "மாறாத பகுதி" தேடுவது

மனிதர்களிடம் எடுத்த சார்ஸ்-கோவ்-2 சீக்வென்ஸ்கள் எல்லாம் நெருங்கிய உறவினர்கள். அவற்றில் எதைத் தேடினாலும் மாறாததாகத்தான் தெரியும். வௌவால், எறும்புத்தின்னி வைரஸ்களையும் சேருங்கள். ஒரே மாதிரியான நகல்களை முதலில் கழியுங்கள்.

மனித எச்எல்ஏ கணிப்பை மாட்டுக்கும் நாய்க்கும் பொருத்துவது

கூடாது. புரதத் துண்டுகளை டி செல்களுக்குக் காட்டும் மூலக்கூறுகள்தான் எம்எச்சி; மனிதரில் அவற்றை எச்எல்ஏ என்கிறோம். அந்தந்த விலங்கின் எம்எச்சி வகைகளை வைத்துக் கணியுங்கள்.

எண்களை அப்படியே நம்புவது

ஸ்பைக்கின் ஒரே இடத்துக்குப் பழைய சார்ஸில் உள்ள வரிசை எண்ணும் புதியதில் உள்ள எண்ணும் ஒன்றல்ல.

ஒட்டினாலே நன்மை என்று நினைப்பது

பூனைகளின் தொற்று வயிற்றுறை அழற்சியும் கொரோனா நோய்தான். சோதனைகளில், ஏற்கெனவே ஆன்டிபாடி இருந்த பூனைகள் சிலவற்றில் நோய் இன்னும் வேகமாக முற்றியது. சீக்வென்ஸ்களை வரிசைப்படுத்தி ஒப்பிடும் அலைன்மெண்டில் இந்த ஆபத்து தெரியாது. செல்களிலும் விலங்குகளிலும் சோதித்தவர்களின் முடிவுகளைத் தேடிப் படித்த பிறகே "பாதுகாப்பு" என்று எழுதுங்கள்.