சின்னப் படகுக்கு நங்கூரம்: சேற்றுக் கடலில் செய்யக்கூடாத தவறுகள்

பாகான் டத்தோவில் தென்னையும் செம்பனையும் முடிகிற இடத்தில் அலையாத்திக் காடு தொடங்குகிறது. அதைத் தாண்டினால் பேராக் ஆறு கொண்டுவந்து கொட்டிய சேறு. பூலாவ் செம்பிலான் தீவுகள் பக்கம் போய் ஓர் இரவு தங்கிவர நினைக்கும் 20 முதல் 28 அடி கேபின் படகு, இந்தச் சேற்றிலும் நிற்க வேண்டும், தீவோரத்து மணலிலும் நிற்க வேண்டும். இன்ஜினுக்குப் பல்லாயிரம் ரிங்கிட் கொடுத்தவர், நங்கூரத்தை மட்டும் ஹார்ட்வேர் கடையில் கண்ணில் பட்டதாக வாங்கிவிடுகிறார். விடியற்காலை மூன்று மணிக்குச் சுமத்ரா காற்று (சுமத்ரா பக்கமிருந்து திடீரென வீசும் புயல்காற்று) இறங்கும்போது படகைப் பிடித்து நிறுத்துவது இன்ஜின் அல்ல.

முதல் தவறு, மீன்பிடிப் படகைப் பார்த்து வாங்குவது. கம்பியை வளைத்து வெல்டிங் செய்த நான்கு விரல் நங்கூரத்தை மீனவர்கள் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பாறையில் மாட்டினால் பலமாக இழுத்து விரலை நிமிர்த்தி எடுத்துவிடலாம், போனாலும் நஷ்டம் குறைவு. படகிலும் எப்போதும் ஆள் விழித்திருப்பார். குடும்பத்தோடு தூங்கப்போகிற படகுக்கு அது ஆகாது. சேற்றில் அந்த விரல்கள் சீப்பு முடியில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போகும். மடக்கி வைக்கும் சின்ன நங்கூரமும் இதே ரகம்தான். கயாக்குக்கும் ரப்பர் படகுக்கும் அது போதும்.

இரண்டாவது, எடையை மட்டும் பார்ப்பது. நங்கூரம் கனத்தால் பிடிப்பதில்லை, மண்ணுக்குள் புதைந்து பிடிக்கிறது. மம்பட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அலகு அகலமாக, சரியான சாய்வில் இறங்கினால் மண்ணை வாரும். கைப்பிடியை மேலே தூக்கினால் அலகு மண்ணை விட்டு வெளியே வந்துவிடும். நங்கூரத்துக்கும் இந்த இரண்டு விதிகள்தான்: அலகின் பரப்பு, இழுக்கும் கோணம்.

அலகின் பரப்பை மட்டும் பார்த்தால் 1940-ஐ ஒட்டி வந்த டான்ஃபோர்த் வகை (தட்டையான இரட்டை அலகு, நடுவில் மூட்டு) சேற்றுக்கு மிக நல்லது. எடை குறைவு, தட்டையாக மடித்து வைக்கலாம். ஆனால் நம் கரையில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் திசை மாறுகிறது. படகு எதிர்ப்பக்கம் திரும்பி இழுக்கும்போது டான்ஃபோர்த் பிடுங்கிக்கொள்ளலாம். மூட்டில் சிப்பியோ சேறோ அடைத்திருந்தால் அலகு மறுபுறம் மடங்காது, அடியில் சறுக்கிக்கொண்டே போகும். ஆகவே பகலில் மீன் பிடிக்க நிற்பதற்கு அதை நம்பலாம். இரவு தங்கலுக்கு, குழிந்த ஒற்றை அலகுள்ள ராக்னா, மான்டஸ், ஸ்பேட் போன்ற புது வகைகளே எங்கள் தேர்வு. திசை மாறினால் அவை பெரும்பாலும் புதைந்தபடியே சுற்றிக்கொள்கின்றன. பிடுங்கினாலும் சீக்கிரம் மறுபடி இறங்கிவிடுகின்றன. கலப்பை வடிவ சி.கியூ.ஆர் 1933-இல் வந்தது. அந்தக் காலத்துக்குப் பெரிய முன்னேற்றம்தான், ஆனால் இளகிய சேற்றில் அது உழுதுகொண்டு நகரும். பழைய படகோடு வந்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம், இரண்டாவது நங்கூரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

26 அடி, இரண்டரை முதல் மூன்று டன் படகுக்கு இந்தப் புது வகையில் ஏறக்குறைய 10 கிலோ வேண்டும். 20 அடி, ஒரு டன் என்றால் 6 கிலோ. வெயிலுக்குப் பெரிய கூரையும் பக்கவாட்டுத் திரையும் போட்ட படகு காற்றை அதிகம் வாங்கும், அதற்கு ஓர் அளவு பெரிதாகவே எடுங்கள். காற்றின் வேகம் மூன்று மடங்கானால் அழுத்தம் ஒன்பது மடங்காகும். 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) காற்றில் அசையாமல் நின்றதை வைத்து 45 நாட் காற்றுக்குக் கணக்குப் போட முடியாது. சுமத்ரா காற்று பெரும்பாலும் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பின்னிரவிலிருந்து காலைக்குள் வரும்.

வாங்குமுன் அட்டையில் நங்கூரத்தின் வடிவத்தை வெட்டிப் படகின் முன்முனை ரோலரில் வைத்துப் பாருங்கள். தண்டு (அலகைச் சங்கிலியோடு இணைக்கும் நீண்ட கை) நுழையாமல் திருப்பிக் கொடுக்கும் அலைச்சல் மிச்சமாகும். மலிவான நகல்களில் முதலில் தோற்பது தண்டுதான், பக்கவாட்டு இழுப்பில் வளைந்துவிடும். தண்டின் கனத்தையும் வெல்டிங் இடைவெளி இல்லாமல் முழுதாக ஓடியிருக்கிறதா என்பதையும் கடையிலேயே பாருங்கள். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் அழகுக்குத்தான், துத்தநாகம் பூசிய எஃகே போதும்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய தவறு. நல்ல நங்கூரத்தை வாங்கி, கயிற்றைக் குறைவாக விடுவது. “ஆழத்தைப் போல ஏழு மடங்கு” என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் எந்த ஆழம்? வற்றத்தில் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் 4 மீட்டர் காட்டுகிறது, 28 மீட்டர் விடுகிறீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் 3 மீட்டர் ஏறுகிறது என்று வையுங்கள். படகின் முன்முனை தண்ணீருக்கு மேல் 1 மீட்டர். உண்மையான உயரம் 4 + 3 + 1, அதாவது 8 மீட்டர். உங்கள் 28 மீட்டர் இப்போது மூன்றரை மடங்குதான். நடு இரவில் தண்ணீர் ஏறும்போது மம்பட்டிக் கைப்பிடி மெல்ல மேலே தூக்கப்படுகிறது. விட்டிருக்க வேண்டியது 56 மீட்டர். முழுக்கச் சங்கிலியாக இருந்தால் ஐந்து மடங்கு, 40 மீட்டர். கனமான சங்கிலி தொய்ந்து கிடந்து கோணத்தைக் காக்கும் என்று நம்பிக் குறைக்காதீர்கள். பலத்த காற்றில் சங்கிலியும் கம்பிபோல் விறைத்துவிடும், அப்போது நீளம் மட்டுமே காப்பாற்றும். அத்தனை நீளத்தில் படகு சுற்ற இடம் வேண்டும் என்பதால் மற்றப் படகுகளிலிருந்து தள்ளியே நில்லுங்கள்.

26 அடி படகுக்கு 8 மி.மீ சங்கிலி 10 மீட்டர், பின்னால் 12 மி.மீ நைலான் கயிறு 60 மீட்டர் சரியான சேர்க்கை. அந்தச் சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ இருக்கும், கையாலேயே இழுத்துவிடலாம். கூரைத் தார்ப்பாய் கட்டுகிற பச்சை பிளாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம். அது மிதக்கும், தண்ணீர் திரும்பும் நேரத்தில் புரொபெல்லரில் சுற்றும், வெயிலில் பொடிந்துபோகும். நைலான் மூழ்கும், இழுபட்டுக் குலுக்கலைத் தாங்கும். சங்கிலிக் கண்ணியில் நுழையும் அளவில் மிகப் பெரிய ஷேக்கிளை (நங்கூரத்தையும் சங்கிலியையும் இணைக்கும் திருகாணி வளையம்) போட்டு, அதன் திருகாணியைக் கம்பியால் கட்டிவிடுங்கள். கட்டாத திருகாணி சில இரவுகளில் தானாகக் கழன்றுவிடும்.

போடும் விதத்திலும் ஓர் அவசரம் உண்டு. நங்கூரத்தைத் தூக்கி எறிந்தவுடன் இன்ஜினைப் பின்னோக்கி முடுக்கினால், இளகிய சேற்றில் அது அமர்வதற்குள் உருவப்படும். மெதுவாக இறக்கி, தண்ணீரோட்டம் படகைப் பின்னே தள்ளத் தள்ளக் கயிற்றை விடுங்கள். முழு நீளமும் விட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா இருங்கள், சேற்றில் நங்கூரம் தானாக அமிழும். பிறகு பின்னோக்கிய கியரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒரு நிமிடம் இழுத்துப் பாருங்கள். கரையில் ஒரு தென்னையும் அதன் பின்னால் ஒரு கோபுரமும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது அந்தக் கோடு விலகிக்கொண்டே போனால் நங்கூரம் பிடிக்கவில்லை, மறுபடி போடுங்கள்.

கயிற்றின் கடைசி முனையைப் படகுக்குள் ஷேக்கிளால் பூட்டாமல், வெளித்தளம் வரை எட்டும் மெல்லிய கயிற்றால் கட்டி வையுங்கள். ஆற்றில் அடித்துவரும் மரமோ வேறு படகோ மேலே வந்தால் ஒரே வெட்டில் விடுவித்துவிடலாம்.