ஓப்பனிங் டே பிட்சர்கள் பட்டியலை நீங்களே தொகுப்பது எப்படி? டாட்ஜர்ஸ் அணியை வைத்து ஒரு செய்முறை

பேஸ்பால் சீசனின் முதல் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) அமெரிக்காவில் தனி மரியாதை. அந்த இடம் யாருக்கு என்ற பேச்சு பயிற்சி முகாம் தொடங்கிய உடனேயே ஆரம்பித்துவிடும். இந்தப் பெயர்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால் ஒரு அணியின் வரலாற்றில் பாதி தெரிந்துவிடும்: யார் கோலோச்சினார், யாருக்கு எந்த ஆண்டில் காயம், அணி எந்த நாட்டில் போய் சீசனைத் தொடங்கியது என்று எல்லாம்.

தயாராகக் கிடைக்கும் பட்டியல்களை நகலெடுக்கலாம்தான். ஆனால் அவற்றைத் தொகுத்தவர் எதை முதல் ஆட்டம் என்று கணக்கில் எடுத்தார், வெற்றி தோல்வியை யார் பெயரில் எழுதினார் என்பது நமக்குத் தெரியாது. ஆட்டப் பதிவுகளிலிருந்து நாமே எடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் நம்மிடம் ஆதாரம் இருக்கும். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இந்த வேலையில் வரக்கூடிய சிக்கல் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரே அணியில் இருக்கிறது. இன்னிங்ஸ், ஷட்அவுட் என்றால் என்ன, விரிதாளில் ஃபில்டர் போடுவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எதை எண்ணப்போகிறோம் என்று முதலில் எழுதி வையுங்கள்

மூன்று முடிவுகள் தேவை.

ஒன்று, எந்த ஆண்டிலிருந்து? டாட்ஜர்ஸ் 1957 வரை புரூக்ளின் அணி. 1958இல்தான் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தது. முதல்முறை செய்பவர்கள் 1958இலிருந்து தொடங்குங்கள். புரூக்ளினைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு, எது ஓப்பனிங் டே? சொந்த மைதானத்தில் நடக்கும் முதல் ஆட்டம் வேறு, சீசனின் முதல் ஆட்டம் வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. அது எந்த நாட்டில் நடந்தாலும் சரி. டாட்ஜர்ஸ் 2014இல் சிட்னியிலும், 2024இல் சியோலிலும், 2025இல் டோக்கியோவிலும் சீசனைத் தொடங்கியது.

மூன்று, யார் ஸ்டார்ட்டர்? அறிவிக்கப்பட்டவர் அல்ல, உண்மையில் ஆட்டத்தைத் தொடங்கியவர். முன்னோட்டச் செய்திகளிலிருந்து பெயர் எடுக்கவே கூடாது. 2020இல் கிளேட்டன் கெர்ஷாவைத்தான் அறிவித்திருந்தார்கள். முதுகுப் பிடிப்பால் அவர் விலக, தொடங்கியவர் டஸ்டின் மே.

படி 2: பதிவுகளை இறக்குங்கள்

பழைய பேஸ்பால் ஆட்டங்களின் பதிவுகளைத் திரட்டித் தரும் ரெட்ரோஷீட் தளத்தில் "கேம் லாக்" என்ற பகுதி இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு ஜிப் கோப்பு, இலவசம். அதில் ஒரு ஆட்டத்துக்கு ஒரு வரி, ஒரு வரியில் 161 பத்திகள் (நெடுவரிசைகள்). இதை வைத்து நீங்கள் எதையாவது வெளியிட்டால் தகவல் எங்களிடமிருந்து பெறப்பட்டது என்ற அறிவிப்பைச் சேர்க்கச் சொல்கிறார்கள். மறக்காமல் சேருங்கள், தன்னார்வலர்களின் பல்லாண்டு உழைப்பு அது.

பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளம் ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தின் விவரத்தைப் பார்க்க அருமையானது. ஆனால் 68 ஆண்டுகளை அங்கே ஒவ்வொன்றாகத் திறந்து எழுதினால் கை தவறும். தொகுக்க ரெட்ரோஷீட், சரிபார்க்க பேஸ்பால்-ரெஃபரன்ஸ் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 3: கோப்பைத் திறப்பது

என் பரிந்துரை லிபர் ஆஃபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள். கோப்பு டெக்ஸ்ட் வகையில் இருப்பதால் அப்படியே திறந்தால் கால்க்கில் திறக்காமல், ஆவணம் எழுதும் ரைட்டரில் போய் நிற்கும். பெயரின் கடைசியில் இருக்கும் "டிஎக்ஸ்டி"யை "சிஎஸ்வி" என்று மாற்றிவிட்டுத் திறங்கள். காற்புள்ளியைப் பிரிப்பானாகத் தேர்ந்தெடுத்து, மேற்கோள் குறிக்குள் இருப்பதை எழுத்தாகவே வைத்துக்கொள்ளும் வசதியையும் டிக் செய்யுங்கள்.

கூகுள் ஷீட்ஸ் வேண்டாம். 1958 முதல் 2025 வரை எல்லா ஆண்டுகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,40,000 வரிகள் வரும். அதை 161ஆல் பெருக்கினால் 2 கோடியைத் தாண்டும். அங்கே உச்சவரம்பு 1 கோடி கலங்கள். எக்செல் தாங்கும்.

திறந்ததும் வரிகளை எண்ணிப் பாருங்கள். 2014 கோப்பில் சரியாக 2,430 வரிகள் இருக்க வேண்டும் (30 அணிகள், ஆளுக்கு 162 ஆட்டம், இரண்டால் வகுத்தால் வருவது). 2020இல் 898தான், கொரோனாவால் சுருங்கிய சீசன். கோப்பில் தலைப்பு வரி கிடையாது, ஆகவே மேலே ஒரு வெற்று வரி சேர்த்து 1 முதல் 161 வரை எண் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த படி முழுக்க இந்த எண்களை வைத்துத்தான் நடக்கும்.

படி 4: முதல் ஆட்டத்தைப் பிடிப்பது

பெரும்பாலானோர் வழுக்குவது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

நமக்குத் தேவையான பத்திகள்: 1 தேதி. 4 விருந்தினர் அணி, 6 விருந்தினர் அணிக்கு அது எத்தனையாவது ஆட்டம். 7 உள்ளூர் அணி, 9 உள்ளூர் அணிக்கு எத்தனையாவது ஆட்டம். 10, 11 முறையே இரண்டு அணிகளின் ரன்கள். 102, 103 விருந்தினர் ஸ்டார்ட்டரின் அடையாளக் குறியீடும் பெயரும். 104, 105 உள்ளூர் ஸ்டார்ட்டரின் அதே விவரங்கள்.

டாட்ஜர்ஸின் குறியீடு "எல்ஏஎன்". முழுக் குறியீட்டையும் கொடுங்கள். "எல்ஏ" என்று தொடங்குவதையெல்லாம் தேடினால் 1961 முதல் 1964 வரை ஏஞ்சல்ஸ் அணியும் உள்ளே வந்துவிடும், அதன் அன்றைய குறியீடு "எல்ஏஏ". மைதானத்தை வைத்துத் தேடுவதும் ஆபத்து: ஏஞ்சல்ஸ் 1962 முதல் 1965 வரை டாட்ஜர் ஸ்டேடியத்தில்தான் ஆடியது.

இனி ஃபில்டர். இரண்டு தனித்தனிச் சுற்றுகளாகச் செய்ய வேண்டும்.

முதல் சுற்று: 4ஆம் பத்தியில் டாட்ஜர்ஸ், 6ஆம் பத்தியில் 1. கிடைக்கும் வரிகளை வேறு தாளுக்கு நகலெடுத்து, பிட்சர் பெயரை 103இலிருந்து எடுங்கள்.

இரண்டாம் சுற்று: முதல் ஃபில்டரை முழுக்க நீக்கிவிட்டு, 7ஆம் பத்தியில் டாட்ஜர்ஸ், 9ஆம் பத்தியில் 1. இப்போது பெயர் 105இலிருந்து.

இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒரு வரியும் வராது. டாட்ஜர்ஸ் தன்னோடு தானே ஆடுவதில்லையே. இது உடனே தெரிந்துவிடும் தவறு. தெரியாமல் போகிற தவறுகள்தான் மோசம்.

6க்குப் பதில் 9ஆம் பத்தியில் 1 என்று போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று 2014ஐ வைத்துப் பாருங்கள். மார்ச் 22, சிட்னி, அரிசோனா டயமண்ட்பேக்ஸுக்கு எதிராகக் கெர்ஷா. அதுதான் டாட்ஜர்ஸின் 1ஆம் ஆட்டம். மார்ச் 30 அன்று சான் டியாகோவில் ஹ்யுன்-ஜின் ரியூ தொடங்கியது டாட்ஜர்ஸுக்கு 3ஆம் ஆட்டம். ஆனால் உள்ளூர் அணியான பேட்ரஸுக்கு அது 1. எண்ணைத் தவறான பத்தியில் பார்த்தால் 2014க்கு ரியூவின் பெயர் விழும், 2011 முதல் 2018 வரை நீளும் கெர்ஷாவின் தொடர் வரிசை நடுவில் உடைந்துபோகும். 2025இலும் இதே பொறி. டோக்கியோவில் மார்ச் 18 அன்று யோஷினோபு யமமோட்டோ தொடங்கினார். மார்ச் 27 அன்று சொந்த மைதானத்தில் பிளேக் ஸ்னெல், டெட்ராய்ட்டின் டாரிக் ஸ்கூபலுக்கு எதிராகத் தொடங்கியது டைகர்ஸுக்குத்தான் முதல் ஆட்டம். டைகர்ஸ் பட்டியலில் ஸ்கூபல் வருவது சரி. டாட்ஜர்ஸ் பட்டியலில் ஸ்னெல் வந்தால் தவறு.

வெளிநாட்டு ஆட்டங்களில் இன்னொன்று. பொதுவான மைதானம் என்றாலும் ஒரு அணியை உள்ளூர் அணியாக எழுதியே ஆக வேண்டும். சிட்னியில் அரிசோனா, சியோல் முதல் ஆட்டத்தில் சான் டியாகோ, டோக்கியோவில் சிகாகோ கப்ஸ். மூன்றிலும் டாட்ஜர்ஸ் விருந்தினர். ஆக மூன்றும் முதல் சுற்றில்தான் கிடைக்கும்.

103ஐயும் 105ஐயும் மாற்றி எடுத்தால் எதிரணி பிட்சரின் பெயர் வந்துவிடும். 2025க்கு ஷோட்டா இமனாகா என்று வந்தால் கண்ணில் உறுத்தும், திருத்திவிடுவீர்கள். 2019ஐப் பாருங்கள்: டாட்ஜர்ஸ் உள்ளூர் அணி, ஸ்டார்ட்டர் ரியூ, எதிரே அரிசோனாவின் ஸாக் கிரெய்ங்கி. கிரெய்ங்கி 2013 முதல் 2015 வரை டாட்ஜர்ஸில் ஆடியவர் என்பதால் அவர் பெயர் பட்டியலில் இருந்தாலும் பொருத்தமாகவே தெரியும். டாட்ஜர்ஸுக்காக அவர் ஒருமுறைகூட ஓப்பனிங் டே ஆட்டத்தைத் தொடங்கியதில்லை.

படி 5: வெற்றி, தோல்வி, முடிவில்லை

அணியின் முடிவுக்கு ஒரு பத்தி, பிட்சரின் கணக்குக்கு ஒரு பத்தி எனத் தனியாக வையுங்கள். அணி வென்றால் ஸ்டார்ட்டருக்கு வெற்றி என்று நினைத்து நிரப்புவது பரவலாகக் காணும் பிழை. ஸ்டார்ட்டருக்கு வெற்றி எழுதப்பட அவர் 5 இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும். அவர் வெளியேறும்போது அணி முன்னிலையில் இருந்து, அதைக் கடைசிவரை இழக்காமலும் இருக்க வேண்டும்.

2020இல் டாட்ஜர்ஸ் 8-1 என்று ஜெயன்ட்ஸை வென்றது. டஸ்டின் மே 4⅓ இன்னிங்ஸில் வெளியேறியதால் அவருக்குக் கணக்கில் எதுவுமில்லை. 2024 சியோலில் டைலர் கிளாஸ்னோ 5 இன்னிங்ஸ் முடித்தார். ஆனால் டாட்ஜர்ஸ் பின்தங்கியிருந்து 8ஆம் இன்னிங்ஸில் 4 ரன் எடுத்துத்தான் 5-2 என வென்றது. அவருக்கும் வெற்றி இல்லை. யமமோட்டோ டோக்கியோவில் 5 இன்னிங்ஸ், 1 ரன், 4-1, வெற்றி அவருடையது.

இதைக் கண்ணால் பார்த்து நிரப்ப வேண்டாம். 94இல் வென்ற பிட்சரின் குறியீடும், 96இல் தோற்றவரின் குறியீடும் இருக்கின்றன. ஸ்டார்ட்டரின் குறியீடு 94உடன் பொருந்தினால் வெற்றி, 96உடன் பொருந்தினால் தோல்வி, இரண்டுமில்லை என்றால் முடிவில்லை. பெயரை வைத்து ஒப்பிடாமல் குறியீட்டை வைத்தே ஒப்பிடுங்கள். டாட்ஜர்ஸ் வரலாற்றிலேயே ரமோன் மார்ட்டினெஸ் இருவர்: 1990களின் பிட்சர் ஒருவர், 2006, 2007இல் ஆடிய இன்ஃபீல்டர் ஒருவர்.

ரன்களை எழுதும்போது டாட்ஜர்ஸ் எண்ணை முதலில் எழுதும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் கெர்ஷா தோற்ற ஆட்டம் 0-1 என்று இருக்க வேண்டும்.

படி 6: குறிப்புப் பத்தி

பட்டியலின் உயிர் இதுதான். ஒவ்வொரு வரிக்கும் எழுதத் தேவையில்லை. வழக்கம் மாறிய இடங்களில் மட்டும் ஒரு வாக்கியம்.

1981ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்ரி ராய்ஸ் தொடங்குவதாக இருந்தது, கெண்டைக்காலில் காயம். அடுத்து பர்ட் ஹூட்டன், அவரும் தயாராக இல்லை. 20 வயது ஃபெர்னாண்டோ வாலென்சுவேலாவிடம் பந்து போனது. முந்தைய ஆண்டு ரிலீஃப் பிட்சராக (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசுபவராக) மட்டும் 10 ஆட்டங்கள் ஆடியிருந்தவர். பெரிய லீகில் அவர் தொடங்கிய முதல் ஆட்டமே ஓப்பனிங் டே. ஏப்ரல் 9, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு எதிராக 2-0, ஷட்அவுட். அந்த ஆண்டு சிறந்த புதுமுகம், சை யங் (சிறந்த பிட்சருக்கானது) இரண்டு விருதுகளும் அவருக்கே. பட்டியலில் வெறும் "1981, வாலென்சுவேலா, வெற்றி" என்று மட்டும் இருந்தால் இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

2013க்கும் ஒரு குறிப்பு அவசியம்: கெர்ஷா ஜெயன்ட்ஸுக்கு எதிராக 4-0 ஷட்அவுட் வீசியதோடு, 0-0 என்றிருந்த ஆட்டத்தில் 8ஆம் இன்னிங்ஸில் தானே ஹோம் ரன்னும் அடித்தார்.

படி 7: சரிபார்த்தல்

ஆண்டுக்கு ஒரே ஒரு வரி. 1958 முதல் 2025 வரை மொத்தம் 68. அதைவிடக் கூடினாலோ குறைந்தாலோ படி 4க்குத் திரும்புங்கள்.

அண்மை ஆண்டுகள் இப்படி வர வேண்டும்: 2005 முதல் 2007 வரை டெரெக் லோ, 2008 பிராட் பென்னி, 2009 ஹிரோகி குரோடா, 2010 விசென்டே பாடியா, 2011 முதல் 2018 வரை கெர்ஷா, 2019 ரியூ, 2020 டஸ்டின் மே, 2021 மறுபடி கெர்ஷா, 2022 வாக்கர் பியூலர், 2023 ஹூலியோ உரியாஸ், 2024 கிளாஸ்னோ, 2025 யமமோட்டோ.

கெர்ஷாவின் மொத்தம் 9. தொடர்ச்சியாக 8 என்பது இந்த அணியின் சாதனை. அதற்கு முன் டான் சட்டன் 1972 முதல் 1978 வரை தொடர்ந்து 7 முறை. டான் டிரைஸ்டேலுக்கும் மொத்தம் 7, வாலென்சுவேலாவுக்கு 6. 2011 முதல் 2018 வரை கெர்ஷாவின் கணக்கு 5 வெற்றி, 1 தோல்வி, 2 முடிவில்லை (2012, 2015) என்று வந்தால் உங்கள் படி 5 சரி.

சாண்டி கோஃபாக்ஸ் ஒரே ஒருமுறைதான் வருகிறார், 1964இல். மூன்று சை யங் விருது வாங்கியவர் ஒருமுறைதானா என்று சந்தேகப்பட்டு எதையும் மாற்றிவிடாதீர்கள். தரவு சரிதான்.

பிறகு சேர்த்தவை

தேதி ஒரு நாள் தள்ளி வருகிறதே என்ற குழப்பம் இந்தியாவிலிருந்து செய்பவர்களுக்கு வரும். 2020 ஜூலை 23 அன்று மாலை லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ஆட்டம் நமக்கு ஜூலை 24 காலை. கைப்பேசிச் செயலிகள் நம் நேரத்தில் காட்டும், ரெட்ரோஷீட் மைதானத்தின் உள்ளூர்த் தேதியை எழுதும். எப்போதும் மைதானத் தேதியையே வையுங்கள்.

புரூக்ளின் ஆண்டுகளைச் சேர்ப்பவர்கள் 1957 வரை "பிஆர்ஓ" என்ற குறியீட்டுக்கு இதே இரண்டு சுற்றுகளையும் ஓட்டினால் போதும். ஜாக்கி ராபின்சன் அறிமுகமான 1947 ஏப்ரல் 15 ஆட்டம் அதில்தான் வரும்; அன்று புரூக்ளினுக்குத் தொடங்கியவர் ஜோ ஹாட்டன்.

நடப்பு சீசனின் கோப்பு ஆண்டு முடிந்த பிறகுதான் கிடைக்கும். அதுவரை அந்த ஒரு வரியை ஸ்கோர் விவரத்தைப் பார்த்துக் கையால் சேர்த்து, கலத்துக்கு மஞ்சள் நிறம் கொடுத்து வையுங்கள். கோப்பு வந்ததும் ஒப்பிட்டுவிட்டு நிறத்தை எடுத்துவிடலாம்.