மூன்று கண்ணியில் தொடங்கும் பெரிய ஷால்: உடம்பு தேறுகிற நாட்களில்

கர்ப்பப்பை எடுத்து வீட்டுக்கு வந்தபோது, "ஆறு வாரத்துக்குக் கனமாக எதையும் தூக்காதீர்கள், மெல்ல நடங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். குன்னூரில் ஜூலைச் சாரல். பார்க்க வந்தவர்கள் கொடுத்த ஹார்லிக்ஸ் பாட்டில்களை எத்தனை முறைதான் எண்ணுவது? அத்தை தன் பழைய உல்லன் பையை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

நான் பின்னியது முனையிலிருந்து விரியும் முக்கோண ஷால். தேறி வருகிறவர்களுக்கு இதைவிடத் தோதான பின்னல் எனக்குத் தெரியவில்லை. தொடக்கத்தில் மூன்றே கண்ணி (ஊசியில் மாட்டியிருக்கும் நூல் வளையம்). வரிசைக்கு ஒன்று கூடும். கை தளர்ந்திருக்கும்போது ஒரு வரிசை அரை நிமிடத்தில் முடியும். தெம்பு வந்தபின் கால் மணி நேரம் பிடிக்கும்.

வாங்க வேண்டியவை

நடுத்தரத் தடிமனில் உல்லன் நூல் 400 கிராம், கண்ணி தெளிவாகத் தெரிய வெளிர் நிறத்தில். 5 மி.மீ. ஊசி. பழைய கடைகளில் 6ஆம் நம்பர் என்று கேளுங்கள் (நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், ஏமாந்துவிடாதீர்கள்). நேர் ஊசி வேண்டவே வேண்டாம், ஷாலின் கனமெல்லாம் மணிக்கட்டில் தொங்கும். இரண்டு முனைகளை ஒயர் இணைக்கும் வட்ட ஊசியில், 100 செ.மீ. நீளமுள்ளதை வாங்கினால், பின்னியது மடியில் கிடக்கும். மடியில் ஒரு தலையணையும் வேண்டும்; வயிற்றுத் தையலில் எதுவும் அழுத்தாது.

1. ஏற்றுதல்

சுருக்கு முடிச்சு போட்டு ஊசியில் மாட்டுங்கள். அது முதல் கண்ணி. நூலைக் கட்டைவிரலில் சுற்றி, அந்த வளையத்தை ஊசியில் ஏற்றி இழுத்தால் இரண்டாவது. இன்னொன்று, போதும்.

2. பின்னுதல்

வலது ஊசியை முதல் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழையுங்கள். பின்னால் இருக்கும் நூலை ஊசிமுனையில் ஒரு சுற்று சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியே முன்னுக்கு இழுங்கள். பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். இந்த ஒரே அசைவுதான் ஷால் முழுக்க.

3. கூட்டுதல்

ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னியதும் நூலை இரு ஊசிகளுக்கு நடுவே முன்னால் கொண்டுவந்து, வலது ஊசியின் மேலாகப் பின்னுக்குத் தள்ளி, மற்றவற்றைப் பின்னுங்கள். ஊசிமேல் கிடக்கும் அந்த நூல் அடுத்த வரிசையில் ஒரு கண்ணியாகும். ஓரத்தில் அழகான ஓட்டையும் விழும்.

நான் பேச்சு சுவாரஸ்யத்தில் இதை இரண்டு முறை மறந்தேன். பிரிக்க வேண்டியதில்லை. அடுத்த வரிசையில் அந்த இடத்தில் இரு கண்ணிகளுக்கிடையே படுத்திருக்கும் நூலைத் தூக்கி ஊசியில் போட்டுப் பின்னிவிடலாம்.

4. நாளும் அளவும்

240 கண்ணி வந்தால் அகலம் சுமார் 150 செ.மீ., ஆழம் 75. எல்லா வரிசைகளையும் சேர்த்தால் மொத்தம் கிட்டத்தட்ட 29,000 கண்ணிகள். 120 வந்ததும் பாதி முடிந்தது என்று துள்ளாதீர்கள், அது கால்வாசிதான்! "இன்னும் முடியலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு இந்தக் கணக்கைச் சொன்ன பிறகுதான் விட்டார்.

ஆரம்பத்தில் பத்து வரிசைக்கு ஒருமுறை எழுந்து கூடத்தில் நடந்தேன். நூறு கண்ணியைத் தாண்டியபின் வரிசைக்கு ஒருமுறை, வாசல் கேட் வரை. தோள் காதருகே ஏறிவிட்டதென்றால் அன்றைக்குப் போதும். ஆனால் வரிசையின் நடுவில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். திரும்பி வந்தால் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்பதே மறந்துவிடும்.

5. முடித்தல்

இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதன் மேலாகத் தாண்டவிட்டு இறக்குங்கள். இன்னொன்று பின்னி, மறுபடி அப்படியே. தளர்வாக இருக்கட்டும், இறுகினால் மேல் விளிம்பு சுருண்டு தோளில் உட்காராது. கடைசிக் கண்ணிக்குள் நூலை இழுத்து, நுனியைத் தடித்த ஊசியால் பின்னலுக்குள் மறையுங்கள்.

6. அலசுதல்

கம்பளி நூலென்றால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்துங்கள். கொடியில் போட்டால் நீண்டுவிடும். பாயில் விரித்துத்தான் உலர்த்த வேண்டும். ஈரக் கம்பளி நல்ல கனம். அக்டோபர் முதல் வாரம், வாளியை நானே தூக்கிக்கொண்டு போனேன். அத்தை சமையலறை வாசலில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. உலர மூன்று நாள் ஆனது.