ஜிடி-ஆர் வாங்கும் ஆசையில் செய்யக்கூடாத தவறுகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பெரிய சாலை ஓரமாக என் பட்டறை இருக்கிறது. காலையில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி வரும், மத்தியானம் மைவி மாதிரிச் சின்னக் கார், சாயங்காலமானால் தோட்டத்துப் பையன்களின் மோட்டார் சைக்கிள். இந்த வேலைகளுக்கு நடுவே வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது போனை நீட்டி, "அண்ணே, இந்த ஜிடி-ஆர் எடுக்கலாமா?" என்று நிஸ்ஸானின் அந்த ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டிக் கேட்கிறார்கள். பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகள், சிங்கப்பூரில் ஷிப்டு பார்த்துக் காசு சேர்த்தவர்கள். அந்தக் காசு தவறான வண்டியில் போய் விழுவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

முதல் தவறு, மைவிக்குப் போடும் கணக்கை நிஸ்ஸான் ஜிடி-ஆருக்கும் போடுவது. புது மாடல் வந்தால் பழையது இறங்கும், ஒரு வருஷம் பொறுப்போம் என்கிறார்கள். ஆர்35 என்ற தலைமுறை ஜிடி-ஆர் 2007 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அடிப்படை விலை 7.77 மில்லியன் யென். அடுத்த ஆண்டு முடிவதற்குள் 8.61 மில்லியன். 2017 மாடலுக்கு ஏறக்குறைய 9.96 மில்லியன். கடைசி மாடலான 2025-க்கு 14.4 மில்லியனைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவிலும் இதே கதைதான்: 69,850 டாலரில் தொடங்கி 2024 மாடலில் 121,090 டாலருக்கு வந்து நின்றது. 2025 ஆகஸ்டில் தொச்சிகி தொழிற்சாலையிலிருந்து கடைசி வண்டி வெளியே வந்தது. பதினெட்டு வருஷத்தில் மொத்தமே 48,000 வண்டிகள்தான். பழைய வண்டி எதுவுமே விலை இறங்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஜிடி-ஆர் மட்டும் மற்றவற்றைவிட மலிவாகக் கிடைக்கிறது என்றால், அதற்கான காரணம் பெரும்பாலும் வண்டிக்கு அடியில் இருக்கும்.

அடுத்த தவறில்தான் நம் பையன்கள் அதிகம் மாட்டுகிறார்கள். வருஷத்தைக் கேட்கிறார்கள், எந்த வருஷம் என்று கேட்பதில்லை. ரீகான் வண்டிக்கு, அதாவது ஜப்பானில் ஓடி இங்கே இறக்குமதியான வண்டிக்கு, வருஷம் இரண்டு. ஜப்பானில் செய்த வருஷம் ஒன்று, இங்கே பதிவு செய்த வருஷம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் மூன்று நான்கு வருஷ இடைவெளிகூட இருக்கலாம். மற்ற கார் என்றால் பெரிய வித்தியாசம் தெரியாது. இந்தக் காரை உருவாக்கிய கசுதொஷி மிசுனோவின் குழு, ஏறக்குறைய வருஷா வருஷம் எதையாவது திருத்திக்கொண்டே இருந்தது. 3.8 லிட்டர் வி6 இரட்டை டர்போ இன்ஜின் முதலில் 480 குதிரைத்திறன் கொடுத்தது, பிறகு 485. 2010 நவம்பரில் 530 ஆனது, முன் பிரேக் டிஸ்க்கும் 380 மில்லிமீட்டரிலிருந்து 390-க்கு வளர்ந்தது. மறு வருஷக் கடைசியில் 550. 2017 மாடலில் 570. ஆக "2010 வண்டி" என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த மாதம் என்றும் தெரிய வேண்டும்.

ஒரு தம்பி "2012, முகம் 2017" என்று பெருமையாக ஒரு வண்டியைக் காட்டினான். பம்பரும் விளக்கும் புது மாடல்தான். நான் உள்ளே உட்கார்ந்து கியர் மாற்றும் பேடிலைத் தொட்டுப் பார்த்தேன். 2017 மாடலில் இருந்துதான் அது ஸ்டியரிங் வட்டத்தோடு சேர்ந்து சுற்றும், அதற்கு முன்னால் தண்டில் அசையாமல் நிற்கும். இதில் அசையவில்லை. சரி, அது பழைய வண்டிக்கு மாட்டிய புது முகம்தான், தப்பில்லை. அப்புறம் முன் டிஸ்க்கை அளந்தேன். 380. கிராண்டில், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தில், "தாஹுன் டிபுவாட்" (செய்த வருஷம்) என்ற இடத்தில் 2008 என்று இருந்தது. 2012 என்பது பதிவு தேதி. முன்பணமாகக் கொடுத்த 3,000 வெள்ளி (ரிங்கிட்) அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கிராண்டையும் சேசிஸ் எண்ணையும் ஜப்பான் ஏலத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

முதல் வருஷ வண்டி என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும். இதன் கியர்பாக்ஸ் பின்பக்கம் இருக்கிறது, இரட்டைக் கிளட்ச். ஆரம்ப வண்டிகளில் நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாய வைக்கும் லாஞ்ச் கன்ட்ரோலைப் போட்டுப் பறந்தவர்கள் பலர் கியர்பாக்ஸை உடைத்துக்கொண்டார்கள். பிறகு நிஸ்ஸான் மென்பொருளை மாற்றி, புறப்படும்போது இன்ஜின் சுழலும் வேகத்தைக் குறைத்தது. அந்த மாற்றம் செய்தாகிவிட்டதா, கியர் எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். ரசீது இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். என்னைப் பொறுத்தவரை 480-க்கும் 570-க்கும் உள்ள வித்தியாசத்தைவிட இந்த ரசீதுதான் முக்கியம். நெடுஞ்சாலையில் நமக்கு எல்லை 110. ஜப்பான் வண்டியோ மணிக்கு 180 கிலோமீட்டரிலேயே தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளும்.

மாதத் தவணையை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1.5 மைவிக்கு ரோட் டெக்ஸ் வருஷம் 90 வெள்ளி. இந்த 3,799 சிசி வண்டிக்குத் தீபகற்பத்தில் 5,725 வெள்ளி 50 காசு. இன்சூரன்ஸ் அதற்கு மேலே. ரோன்95 பெட்ரோல் ஊற்றக்கூடாது. 20 அங்குல ரன்-பிளாட் (காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும்) டயரை நான்காகத்தான் மாற்ற வேண்டும். பின்னால் மட்டும் புதுசு போட்டுச் சமாளித்தால் நான்கு சக்கர இழுவை அமைப்பே கெட்டுப்போகலாம்.

"முந்தைய தலைமுறை ஆர்34 விலை எங்கேயோ போய்விட்டது, ஆர்35-ம் அப்படிப் போகும்" என்று கடன் வாங்கி முதலீடாக எடுப்பவர்களும் உண்டு. ஆர்34-ஐ நிஸ்ஸான் அமெரிக்காவில் விற்கவே இல்லை. 25 வயதான வண்டியைத்தான் அங்கே இறக்குமதி செய்ய விடுவார்கள், 1999-இல் செய்த வண்டிகளுக்கு அந்தக் கதவு 2024-இல் திறந்தது. அங்கிருந்து வந்த கூட்டமும் விலையை ஏற்றியது. ஆர்35 அங்கே 2008-லேயே ஷோரூமில் நின்றது. அதற்கு அப்படி ஒரு கதவு திறக்கப் போவதில்லை. ஒன்பது வருஷக் கடனை இந்த நம்பிக்கையில் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும். ஆனாலும் வண்டி பார்க்கக் கூப்பிட்டால் ஈப்போ வரைக்கும் வருவேன், காசு வேண்டாம். டார்ச் லைட்டும் அளவு நாடாவும் நான் கொண்டு வருகிறேன், நீங்கள் கிராண்ட் நகலை மட்டும் முதல் நாளே வாங்கி வைத்திருங்கள்.