செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு: பணம் கொடுக்கும் முன் சோதிப்பது எப்படி?

2014-ல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970 கார்டின் அறிமுக விலை 329 டாலர். 2023-ல் அதே வரிசையில் வந்த ஆர்டிஎக்ஸ் 4070-க்கு 599 டாலர். அதனால் செகண்ட் ஹேண்ட் கார்டு தேடுவது நியாயம்தான். ஆனால் ஓட்டிப் பார்க்காத கார்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

முதலில், கார்டு மாற்றத்தான் வேண்டுமா? விசிங்கையும் ஃப்ரேம் லிமிட்டையும் (நொடிக்கு எத்தனை படம் என்பதைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள்) அணைத்துவிட்டு கேமை ஓட்டுங்கள். ஜிபியு (கார்டின் முதன்மைச் சிப்) பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டுதான் திணறுகிறது. 60, 70-லேயே நின்றால் பெரும்பாலும் பிராசசர்தான் காரணம். புதுக் கார்டு போட்டாலும் பெரிதாகப் பலன் இருக்காது.

விற்பவர் இடத்திலேயே, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி என்றால் ஷேடர் (சிப்பில் உள்ள சிறு கணக்கீட்டு அலகுகள்) எண்ணிக்கை 3584 இருக்க வேண்டும். பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி வேறு மாடலாகக் காட்டும் போலிகள் இங்கேதான் மாட்டும். அடுத்து, கார்டை முழுச் சுமையில் ஓட்டும் ஃபர்மார்க் சோதனையை 15 நிமிடம் ஓட்டுங்கள். திரையில் வண்ணச் சதுரங்களோ கோடுகளோ தெரிந்தால் மெமரி போய்க்கொண்டிருக்கலாம். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். ஜிபியு வெப்பநிலைக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் (சிப்பில் மிகச் சூடான இடம்) வித்தியாசம் 10 முதல் 15 டிகிரி சாதாரணம். 25-ஐத் தாண்டினால், சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்கு (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அது சரிசெய்யக் கூடியதே, விலை பேசலாம். மெமரி சிப்களின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடையும் மாற்றினால் அதே தடிமனில் போடுங்கள். தடித்த பேடு ஹீட்சிங்கை முதன்மைச் சிப்பில் படவிடாது.

பழைய பிசிஐஇ 3.0 (கார்டைக் கணினியோடு இணைக்கும் பாதையின் பழைய தலைமுறை) மதர்போர்டு வைத்திருப்பவர்கள் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகவே வேண்டாம். அதற்கு 4 லேன் (தரவு போகும் வழிகள்) மட்டுமே, மெமரியும் பெரும்பாலும் 4 ஜிபிதான். மெமரி நிரம்பியதும் மீதித் தரவு இந்தக் குறுகிய வழியில் வர வேண்டியிருப்பதால் கேம் திக்கித் திணறும். 8 லேன், 8 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6600-இல் வேக இழப்பு குறைவு.