படிக்கும் நேரத்தில் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்

மாணவர்கள் படிக்க உட்காரும்போது கைபேசியை ஒலியடக்கி மேசைமேல் கவிழ்த்து வைப்பதைவிட, வேறொரு அறையில் வைத்துவிட்டு வருவதே மேல்; நேரம் பார்க்க ஒரு கைக்கடிகாரம் போதும்.

டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒலியடக்கிய கைபேசியை மேசைமேல் வைத்திருந்தவர்களைவிட, அதை வேறு அறையில் விட்டு வந்தவர்கள் நினைவையும் பகுத்தறியும் திறனையும் சோதிக்கும் பணிகளில் சிறப்பாகச் செயல்பட்டனர். எடுத்துப் பார்க்கும் விருப்பத்தை அடக்குவதற்கே கவனத்தின் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பின்னர் வந்த எல்லா ஆய்வுகளிலும் இதே விளைவு தெளிவாகத் தென்படவில்லை என்றாலும், கைக்கு எட்டாத கைபேசியை ஒரு கணக்கைப் போடும்போது நடுவே எடுத்து, சமூக ஊடகப் பதிவுக்கு யார் பதில் எழுதினார்கள் என்று பார்க்கவும், பிறகு விட்ட இடம் தெரியாமல் அதே கணக்கை முதல் வரியிலிருந்து மீண்டும் தொடங்கவும் நேராது என்பதே எனக்குப் போதுமான காரணமாகப் படுகிறது. பெற்றோர் பறித்து வைப்பதைவிட மாணவரே கொண்டுபோய் வைப்பது நல்லது.

பாடக்குறிப்புகளோ இணையவழி வகுப்போ கைபேசியிலேயே இருந்தால் இந்த வழி பொருந்தாது. அப்போது சமூக ஊடகச் செயலிகளின் அறிவிப்புகளை நிறுத்துவதோடு விடாமல், கணக்கிலிருந்தே வெளியேறிவிட வேண்டும். அதே செயலிகள் எதிரே உள்ள மடிக்கணினியிலும் திறந்திருந்தால், கைபேசியை மட்டும் அகற்றுவதில் பயனில்லை. வீட்டில் நோயாளி இருந்து, அவசர அழைப்பு வரக்கூடுமானால், கைபேசியை ஒலியுடன் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம்.