எபிரேய வேதத்தை வாழ்க்கைப் பாடமாக வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூதர்கள் தனாக் என்றும் கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்றும் வழங்கும் எபிரேய வேதத்தில் அன்றாட வாழ்வுக்கான வழிகாட்டுதலைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் நல்ல நோக்கத்தோடுதான் தேடுகிறார்கள். ஆயினும் ஒரு வரியை யார், யாரிடம், எந்த நெருக்கடியில் சொன்னார் என்று கேட்காமலேயே அதைத் தமக்கு வாக்குறுதியாகவும் பிறருக்குத் தீர்ப்பாகவும் எடுத்துக்கொள்ளும் பழக்கம், அந்த நோக்கத்தையே கெடுத்துவிடுகிறது. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பழக்கத்திலிருந்தே கிளைப்பவை.

யோபு புத்தகத்தின் எட்டாம் அதிகாரம், ஏழாம் வசனத்தைப் பாருங்கள். தொடக்கம் அற்பமாக இருந்தாலும் முடிவு சம்பூரணமாக இருக்கும் என்ற அந்த வரி வாழ்த்து அட்டைகளில் அச்சாகிறது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவரை ஆசீர்வதிக்கவும் எடுத்தாளப்படுகிறது. அதைச் சொன்னவன் யோபின் நண்பன் பில்தாத். பெருங்காற்றில் வீடு இடிந்து பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான பலனைப் பெற்றார்கள் என்று மூன்று வசனங்களுக்கு முன்னால் பேசியவனும் அவனே. நீ உத்தமனாக இருந்தால் உன் நிலை சீராகும் என்ற நிபந்தனையின் தொடர்ச்சியாகத்தான் அந்த இனிய வரி வருகிறது. புத்தகத்தின் இறுதி அதிகாரத்தில், யோபின் இன்னொரு நண்பனான எலிப்பாஸ்மீதும், பில்தாத் உட்பட அவனுடைய இரு நண்பர்கள்மீதும் தமக்குக் கோபம் மூண்டதாகவும், அவர்கள் தம்மைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்றும், யோபு பேசினான் என்றும் கடவுளே சொல்கிறார். அவர்களுக்காக யோபுதான் வேண்டுதல் செய்ய வேண்டியிருக்கிறது.

துக்க வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் போகிற எவரும் இதை மறக்கக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் யோபோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்த வரையில் அவர்கள்மேல் குற்றம் காண இடமில்லை. காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதுதான் தடம் புரண்டார்கள். உங்கள் குடும்பத்தில் ஏதோ பாவம் இருக்கிறது, அதனால்தான் இந்த நோய் என்று சொல்கிறவர், வேதம் எந்தப் பேச்சைக் கண்டித்ததோ அதையே வேதத்தின் பெயரால் திரும்பச் சொல்கிறார். துன்பத்தில் முறையிடுவது நம்பிக்கையின்மை என்று கருதுவதும் இதோடு சேர்ந்த தவறு. ‘எதுவரைக்கும்?’ என்று பதின்மூன்றாம் சங்கீதம் கடவுளிடம் நேராகக் கேட்கிறது. எண்பத்தெட்டாம் சங்கீதமோ ஆறுதலான வரி ஒன்றும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. இரண்டும் வழிபாட்டுப் பாடல்களாகவே காக்கப்பட்டன.

நீதிமொழிகளைச் சட்டவிதிகள்போல வாசிப்பதும் இதே இடத்துக்குத்தான் கொண்டுபோகும். உழைக்கும் கை செல்வத்தைத் தரும் என்று பத்தாம் அதிகாரம் சொல்வதை மட்டும் பிடித்துக்கொண்டு ஏழையைச் சோம்பேறி என்று முத்திரை குத்துகிறவர், ஏழையின் நிலம் மிகுந்த விளைச்சல் தந்தாலும் அநியாயம் அதை வாரிக்கொண்டு போகும் என்ற பதின்மூன்றாம் அதிகார வசனத்தைத் தாண்டிவிடுகிறார். மூடனுக்குப் பதில் சொல்லாதே, மூடனுக்குப் பதில் சொல் என்று இருபத்தாறாம் அதிகாரம் அடுத்தடுத்த வசனங்களில் கூறுவது, எந்த நேரத்தில் எது பொருந்தும் என்று பகுத்தறியும் பொறுப்பை வாசிப்பவரிடமே விடுவதற்காகத்தான்.

எரேமியா 29:11 பலருக்கு மனப்பாடம். எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் தரும் நினைவுகளை உங்களைக் குறித்து வைத்திருக்கிறேன் என்ற அந்த வாக்கு, கி.மு. 597-ல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதத்தில் உள்ளது. இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி மக்களைத் தேற்றிக்கொண்டிருந்த காலத்தில், எரேமியா 70 ஆண்டுகள் என்று சொன்னார். அதாவது, கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப் போவதில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய நகரத்தின் நலனுக்காகவே வேண்டிக்கொள்ளுங்கள் என்பதே அவர்களுக்கு உடனடிக் கட்டளை. இந்த வசனத்தைத் தேர்வு முடிவுக்கோ வேலை நேர்காணலுக்கோ உத்தரவாதமாகக் கொள்கிறவர், நினைத்தது நடக்காதபோது வசனத்தையும் சேர்த்து இழக்கிறார்.

‘கண்ணுக்குக் கண்’ என்பதைப் பழிவாங்கும் உரிமமாக எண்ணுவது இன்னொரு பெரிய தவறு. தன்னைக் காயப்படுத்தியவனைக் கொன்றுவிட்டு எழுபத்தேழு மடங்கு பழி என்று பெருமை பேசிய லாமேக்கு ஆதியாகமத்தில் வருகிறான். அப்படிப்பட்ட பழிவெறிக்கு முன், தண்டனை சேதத்தை மிஞ்சக் கூடாது என்று வரம்பு கட்டுவதே அந்த விதி. அது நீதிமன்றத்துக்கு உரியது. அண்டை வீட்டுச் சண்டைக்கு உரியது அன்று. அடிபட்டவனின் வேலை இழப்பையும் சிகிச்சைச் செலவையும் அடித்தவன் கொடுக்க வேண்டும் என்று, அந்த விதி இடம்பெறும் யாத்திராகமம் 21-ம் அதிகாரமே சொல்கிறது. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா இன்னும் தெளிவாக, உடற்சேதம், வலி, சிகிச்சை, வேலை இழப்பு, அவமானம் என்ற ஐந்துக்கும் இழப்பீடு விதிக்கிறது. இந்த வேதத்தை இடைவிடாமல் ஓதிவந்த யூத சமூகம் அதை எப்படிப் புரிந்துகொண்டது என்று கேட்காமலே, பழைய ஏற்பாட்டின் கடவுள் கோபக்காரர் என்று ஒதுக்கிவிடுவது அநியாயமானது. உன்னைப்போல் பிறனையும் நேசி என்ற கட்டளை லேவியராகமத்தில் பிறந்ததுதான். பழிவாங்காதே என்பதும் அதே வசனத்தில் இருக்கிறது.

முன்னோர் செய்ததையெல்லாம் முன்மாதிரி என்று கொள்வதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆட்டுக்குட்டியின் தோலைக் கையில் சுற்றிக்கொண்டு தந்தையை ஏமாற்றிய யாக்கோபை, பின்னாளில் அவனுடைய பிள்ளைகள் தங்கள் சகோதரன் யோசேப்பின் அங்கியை ஆட்டின் இரத்தத்தில் தோய்த்துக் காட்டி ஏமாற்றுகிறார்கள். கதை தீர்ப்பை வெளிப்படையாக எழுதுவதில்லை. நிகழ்வுகளின் அமைப்பிலேயே அதை வைத்திருக்கிறது.

கடைசியாக, ஆன்மிகம் என்றால் மனத்துக்குள் நிகழ்வது மட்டுமே என்று எண்ணுவது. பாடல்களின் இரைச்சலை அகற்றிவிட்டு நீதி ஆறுபோல் ஓடட்டும் என்றார் தீர்க்கதரிசி ஆமோஸ். யூதர்கள் நோன்பிருந்து மன்னிப்பு வேண்டும் பாவநிவாரண நாள் கடவுளுக்கு எதிரான குற்றங்களுக்கே நிவாரணம் தரும். சக மனிதருக்குச் செய்த குற்றம் அவரைச் சமாதானப்படுத்தும்வரை தீராது என்கிறது மிஷ்னா. உபாகமம் 24-ம் அதிகாரத்தின்படி, கடன் கொடுத்தவர் அடகுப் பொருளை எடுக்க வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும், கடன் வாங்கியவரே அதைக் கொண்டுவந்து தருவார். அவர் ஏழையாக இருந்து, அடகு வைத்தது போர்வையாக இருந்தால், பொழுது சாய்வதற்குள் அதைத் திருப்பித் தந்துவிட வேண்டும். கூலியையும் அன்றன்றே, சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுக்க வேண்டும். ஒருவரின் வறுமை அவருடைய வாசற்படியின் மரியாதையைப் பறிக்கக் கூடாது என்ற இவ்வளவு நுட்பமான அக்கறையை ஜெப நேரத்துக்கு மட்டும் உரிய நூலாக வாசிக்கிறவர் காண முடியாது. லேவியராகமம் 19, உபாகமம் 24 ஆகிய இரண்டு அதிகாரங்களையும், இருவகை நூல் கலந்த துணியைப் பற்றிய புரியாத விதி உட்பட எதையும் தாண்டாமல் முழுமையாக வாசித்து, பிறகு தமது கொடுக்கல் வாங்கல் கணக்கை எடுத்துப் பார்ப்பது நல்ல தொடக்கமாக இருக்கும்.